சௌகிங் எழுதிக் கொடுத்த புகார்

எதிர்வீட்டு முய் காலையும் மாலையும் கதவோரம் ஊதுவத்தி கொளுத்துவாள். புகை நேராக வந்து சௌகிங் உலர்த்திய துணிகளில் உட்கார்ந்துகொள்ளும். வாய்ச்சண்டையில் முய்யை ஜெயிக்க முடியவில்லை. ஒருநாள் சௌகிங் ஹாங்காங் வீட்டுவசதி அலுவலகத்துக்குப் போனாள். முய் எல்லை தாண்டி ஃபோஷானில் தன் மகளோடு இருக்கிறாள், அரசாங்க வீட்டை மாதத்தில் பாதி நாள் பூட்டி வைத்திருக்கிறாள் என்று எழுதிக் கொடுத்தாள். திரும்பும் வழியில் வறுத்த வாத்து வாங்கிச் சாப்பிட்டாள்.

பத்தாம் நாள் மாலை அதிகாரி வந்தார். முய் வீட்டு அடுப்பில் சூப் கொதித்துக்கொண்டிருந்தது. இரண்டே நிமிடத்தில் வெளியே வந்தவர், வந்ததுதான் வந்தோம், இந்த மாடி முழுக்கப் பார்த்துவிடுகிறேன் என்றார்.

 சௌகிங் வீட்டு வாடகைப் பத்திரத்தில் இரண்டு பேர்: அவளும் மகன் கின்லோக்கும். அவன் எல்லைக்கு அப்பால் ஷென்செனில் குடியேறி மூன்று வருடம் ஆகிறது. ஆள் குறைந்தது தெரிந்தால் சின்ன வீட்டுக்கு மாற்றிவிடுவார்கள். அவள் முப்பத்தோரு வருடம் வாழ்ந்த வீடு அது.

மகன் வேலைக்குப் போயிருக்கிறான் என்றாள். அவனுடைய பல் பிரஷ் எது என்று அதிகாரி கேட்டார். குளியலறைக்கு ஓடியவள் புது பிரஷ் ஒன்றை உறையிலிருந்து உருவி, நனைத்துக் கொண்டுவந்தாள். விலைச்சீட்டு அதன் கழுத்திலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. அதிகாரி அந்தச் சீட்டைப் படித்தார். எதிர்வாசலில் கிண்ணத்தோடு நின்ற முய்யிடம், இந்த வீட்டுப் பையனைப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டார்.

"பாக்காம என்ன சார்? வருஷப் பொறப்புக்குத் தவறாம வந்துடுவான். நல்ல புள்ள," என்றாள் முய், சூப்பை ஊதிக்கொண்டே.

வீட்டுவசதி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. வேறொரு குடியிருப்பில், ஒற்றை ஆளுக்கான அறை. சௌகிங் மகனுக்குப் போன் போட்டாள். ஒரு மாதம் மட்டும் வந்து இங்கே படுத்துக்கொள், அவர்கள் மறுபடி வந்து பார்க்கட்டும் என்று கெஞ்சினாள்.

ஹாங்காங்கில் ஒரு பேச்சு உண்டு. மாஜோங் சூதாட்டத்தில் தன் ஆட்டத்தைத் தானே கெடுத்துக்கொண்டு தோற்றவனைப் பார்த்து டீக்கடையில் சொல்லிச் சிரிப்பார்கள். பெற்றவளிடம் யாரும் சொல்வதில்லை. கின்லோக் சொன்னான்.

"நீயே பூச்சியப் பிடிச்சு உன் பின்பக்கத்துக்குள்ள விட்டுக்கிட்ட. இப்ப அரிக்குது, வந்து சொறிஞ்சுவிடுன்னா நான் என்னம்மா பண்ணுவேன்?"

அவன் பக்கத்தில் மருமகள் சிரிப்பது கேட்டது. சௌகிங் போனை வைத்தாள்.

மறுநாள் முய் கதவைத் தட்டினாள். எப்போது காலி செய்கிறீர்கள் என்று அன்பாகத்தான் கேட்டாள். கண் மட்டும் உள்ளே இருந்த மர அலமாரி மேல் இருந்தது.

"அந்த ரூம்ல இது நுழையாதே அண்ணி. விட்டுட்டுத்தான் போவீங்க, இல்ல?"

சௌகிங் அளவு நாடாவை எடுத்து வந்து, நுழையுமா பார்ப்போம் என்று ஒரு முனையை முய் கையில் கொடுத்தாள்.