கேசியின் மணிக்கட்டு

எங்கள் எலும்பு கிளினிக்கில் இப்போது குழந்தைகளைப் பார்ப்பதே அரிது. காரணம் ஒரு புது விதி. அது வேண்டுமென்று மீட்டிங் மீட்டிங்காகக் கத்தியவள் நானேதான். விழுந்த குழந்தைக்கு மணிக்கட்டு எலும்பு லேசாக நசுங்கியிருந்தால், அட்டைப்பெட்டியின் மூலை அமுங்குகிற மாதிரி, மாவுக்கட்டு வேண்டாம். கழற்றி மாட்டுகிற பட்டை போதும். மூன்று வாரத்தில் வீட்டிலேயே எடுத்துவிடலாம், மறுபடி வர வேண்டாம். சந்தேகம் வந்தால் போன் செய்யலாம். அந்தப் போனை எடுப்பவளும் இந்த நர்ஸ் மாரீன்தான். நல்ல ஏற்பாடு, அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் நாள் முழுக்க வெறும் நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது இருக்கிறதே, சகிக்காது. வீட்டுக்குப் போனாலும் அதே கதைதான்.

ஒரு சனிக்கிழமை கார்ல் தன் எட்டு வயது மகள் கேசியைக் கூட்டி வந்தான். எங்கள் ஊர் சண்டர்லாந்து கடற்கரைச் சுவரிலிருந்து குதித்திருக்கிறாள் அந்த வாலு. பட்டையை மாட்டிவிட்டேன்.

"மறுபடி எப்போ கூட்டிட்டு வரணும் சிஸ்டர்?"

"வரவே வேணாம் தம்பி. சந்தோஷமா போ."

அவன் முகத்தில் சந்தோஷத்தைக் காணோம். "ஒரே ஒரு தடவையாவது?"

"ஏன், எங்க மெஷின் டீ அவ்வளவு ருசியா இருக்கா?" என்று கிண்டல் செய்து அனுப்பிவைத்தேன்.

திங்கட்கிழமையே கூப்பிட்டான். "சிஸ்டர், கேசிக்கு இன்னிக்கு வலி இருக்குமா?"

"இருக்குமாவா? என்னைக் கேட்டா? போனை அவகிட்ட குடுப்பா."

"கேசி அவ அம்மா வீட்டுல இருக்கா. எனக்கு மாசத்துல ஒரு சனிக்கிழமைதான். நான் பாத்துக்கிட்டு இருக்கும்போதே விழுந்துட்டாள்ல, அந்தக் கோவத்துல அவ அம்மா என் போனையே எடுக்கறதில்ல."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மாவுக்கட்டு இருந்தால் அதைப் பிரிக்கிற நாளில் அப்பனும் வந்து நிற்கலாம். அதற்குத்தான் தேதி கேட்டிருக்கிறான், பாவி.

"வீக்கம் வடிஞ்சிருக்கும். விரலை நல்லா ஆட்டுவா," என்றேன். குழந்தையைப் பார்க்காமல் அப்படிச் சொல்லவே கூடாது.

அப்புறம் அடிக்கடி கூப்பிட ஆரம்பித்தான். கேசி என் பக்கத்திலேயே இருக்கிற மாதிரி, "இன்னிக்கு எப்படி இருக்கா?" என்பான். நானும் சளைக்கவில்லை. "பட்டைக்குள்ள அரிக்கும், கழட்டிச் சொறிஞ்சுக்குவா." "இப்ப பென்சில் புடிச்சு எழுதுவா." போன் வராத நாளில் லைன் செத்துவிட்டதா என்று ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துப் பார்ப்பேன். வெட்கக்கேடு, இந்த வயதில்!

மூன்றாவது வாரம் முடிகிற அன்று காலையில் ஒரு பெண் கூப்பிட்டாள். கேசியின் அம்மா. "பத்து நாளா அவ பட்டையை மாட்டவே இல்லைங்க. நீச்சலுக்குக்கூட போயிட்டு வந்துட்டா. பரவாயில்லையா?"

"வலி இல்லைன்னா பரவாயில்லம்மா," என்று சொல்லி வைத்தேன்.

மத்தியானம் கார்ல் கூப்பிட்டான். "இன்னிக்குத்தானே சிஸ்டர் கழட்டுவா?"

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். மனசு வரவில்லை.

"ஆமாப்பா. இன்னிக்குத்தான்."

"கழட்டினதும் மொதல்ல என்ன செய்வா?"

"கையை மோந்து பாப்பா. எல்லாக் குட்டிங்களும் அதைத்தான் செய்யும்."

வாய்விட்டுச் சிரித்தான். சிரிப்பு அடங்கிய பிறகு, "நாளையிலேருந்து நான் என்னன்னு கேக்கறது சிஸ்டர்?" என்றான்.

"எதையாவது கேளேன்பா," என்றேன். "இங்க நான் சும்மாதான் உக்காந்திருக்கேன்."