பக்கத்து இருக்கை பிரேக்

ஒரே ஒரு காரை வைத்துக்கொண்டு நடக்கும் கல்வி நிறுவனம் அது. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி. வகுப்பறை, அலுவலகம், கார் நிற்கும் இடம் மூன்றும் ஒரே ஷட்டருக்குள் அடக்கம். ஆசிரியர், எழுத்தர், வண்டி கழுவுகிறவர் மூவரும் ஒரே ஆள். ஆனாலும் பெயர்ப்பலகையில் தன்னுடைய பெயருக்குக் கீழே ‘முதல்வர்’ என்று காரைவிடப் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருந்தார். அதனால் தெருவில் எல்லோருக்கும் அவர் பிரின்ஸிபால். சிலர் மரியாதையாகச் சொன்னார்கள், சிலர் வேறு மாதிரி. அவர் காதில் இரண்டும் ஒன்றாகவே விழுந்தன.

கற்றுக்கொடுக்கும் கார்களில் ஓட்டுபவருக்குப் பக்கத்து இருக்கையின் கீழேயும் ஒரு பிரேக் இருக்கும். பிரின்ஸிபாலின் கால் அதன்மேல் இருந்து இருந்து அதற்குத் தனி புத்தி வந்துவிட்டது. பஸ்ஸில் போனாலும் மிதிக்கும். டிவியில் கார் துரத்தினால் சோபாவில் இருந்தபடியே மிதிக்கும். மாப்பிள்ளையின் காரில், பிரின்ஸிபால் உட்காருகிற பக்கத்து மிதியடி மட்டும் நைந்துபோய் நூல் தெரிந்தது.

“மாமா, அங்க பிரேக் இல்ல,” என்பார் மாப்பிள்ளை.

“தெரியும் மாப்பிள்ளை. இருந்தா நல்லா இருக்கும்,” என்பார் இவர்.

அந்தத் தொற்றுக் காய்ச்சல் வீடு வீடாகப் புகுந்துகொண்டிருந்த காலத்தில் மகளுக்குக் குழந்தை பிறந்தது. முதல் பேத்தி. ஆஸ்பத்திரியில் யாரையும் பார்க்க விடவில்லை. வீட்டுக்கு வந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று பிரின்ஸிபால் பொறுமையாக இருந்தார், அதாவது தினமும் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து தன் பதவியைச் சொல்லிப் பார்த்தார்.

இதற்கிடையில் அவர் இரண்டாவது ஊசியும் போட்டுக்கொண்டார். சட்டைக் கையை மடித்து, தாடையை உயர்த்தி, ஏதோ எல்லையில் கொடி நட்டவர் மாதிரி ஒரு போட்டோ எடுத்து எல்லோருக்கும் அனுப்பினார். அன்று மாலையே, பக்கத்துக் கடையில் செல்போன் ரிப்பேர் பார்க்கிறவரைச் சாட்சிக்குக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு, தன் முகக்கவசத்தைக் குப்பைத் தொட்டியில் போட்டார். போடும்போது ஒரு சிறு உரையும் நிகழ்த்தினார்.

“கேள்வி ரொம்ப சிம்பிள். ஊசி வேலை செய்யுதா, செய்யலையா? செய்யுதுன்னா மாஸ்க் எதுக்கு? செய்யலைன்னா ஊசி எதுக்கு? ரெண்டுல ஒண்ணு சொல்லச் சொல்லுங்க. ஒருத்தனும் சொல்ல மாட்டான். இனிமே இந்த மூஞ்சியையும் மீசையையும் ஊர் முழுசாப் பாக்கலாம்.”

“நீங்க சொன்னா சரிதான் சார்,” என்று செல்போன்காரர் தன்னுடைய முகக்கவசத்துக்குள்ளிருந்து ஒப்புக்கொண்டார்.

குழந்தை வீட்டுக்கு வந்தது. பிரின்ஸிபால் மனைவியோடு புதுச் சட்டையில் கிளம்பிப் போனார். மகள் கதவை ஒரு சாண் திறந்தாள். சங்கிலி மாட்டியே இருந்தது.

“மாஸ்க் எங்கப்பா?”

“ஊசி போட்டாச்சும்மா. ரெண்டும். போட்டோ அனுப்பினேனே.”

“பாத்தேன். நல்லா இருந்துச்சு. மாஸ்க் எங்க?”

பிரின்ஸிபால் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். அந்தக் கனைப்பைக் கேட்டதுமே அவர் மனைவி கைப்பையைத் திறந்து ஒரு முகக்கவசத்தை எடுத்து மாட்டிக்கொண்டார். இத்தனை வருஷத்தில் அந்தக் கனைப்புக்குப் பிறகு எவ்வளவு நேரம் ஆகும் என்று அவருக்குத் தெரியும். “நான் கை கழுவிட்டுப் போறேன், நீங்க பேசிட்டு வாங்க,” என்று சங்கிலி விலகியதும் உள்ளே போய்விட்டார். சங்கிலி மறுபடி விழுந்தது.

“ரெண்டுல ஒண்ணு சொல்லு,” என்று ஆரம்பித்தார் பிரின்ஸிபால். “ஊசி வேலை செய்யுதா, செய்யலையா?”

“செய்யுது.”

“அப்ப மாஸ்க் எதுக்கு?”

“ஊசி உங்களைக் காப்பாத்தும்ப்பா. காய்ச்சல் வந்தாலும் படுக்கையில போடாது. ஆனா நீங்க அதை உங்களுக்கே தெரியாம சுமந்துட்டு வந்து இவளுக்குக் குடுத்தா? இவளுக்கு ஊசி போடுற வயசு இல்ல. இன்னும் கழுத்தே நிக்கல.”

“ஊசி போட்டா நான் எப்படிச் சுமப்பேன்?”

“வாய்ப்பு குறையும்ப்பா. நிக்காது.”

“குறையும், நிக்காது. இது ஒரு பதிலா? கேள்விக்கு ஆமா, இல்லைன்னு சொல்லக் கத்துக்கோ. நான் இப்படியா உன்னை வளத்தேன்?”

“இப்படித்தான் வளத்தீங்க. அதான் கதவைத் திறக்க மாட்டேங்குறேன்.”

மாப்பிள்ளை நல்ல மனுஷர். மாமனார் நின்றுகொண்டு வாதாடுவதைப் பார்க்கச் சகிக்காமல் வெளியே ஒரு நாற்காலி போட்டு, ஜன்னலையும் திறந்துவிட்டார். விவாதம் வசதியாகத் தொடர்ந்தது. குடை இருந்தால் மழைக்கோட்டு எதற்கு, பூட்டு இருந்தால் காவலாளி எதற்கு என்று பிரின்ஸிபால் அடுக்கிக்கொண்டே போனார். கடைசியில் மகள் இரண்டு கைகளையும் தூக்கிவிட்டாள்.

“சரிப்பா. நீங்கதான் ஜெயிச்சீங்க.”

“ஒத்துக்கிட்டியா?”

“முழுசா ஒத்துக்கிட்டேன். இப்ப மாஸ்க் போட்டுட்டு உள்ள வாங்க.”

ஜெயித்தவர் எப்படிப் போட முடியும்? அவர் நாற்காலியை மடித்துச் சுவரில் சாத்திவிட்டு வீட்டுக்கு வந்தார். வெற்றி இவ்வளவு மொட்டையாக இருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

அதன் பிறகு மனைவி மட்டும் தினமும் போய்வந்தார். மாலையில் பிரின்ஸிபால் பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டு, எதுவும் கேட்காமல், காதை மட்டும் அந்தப் பக்கம் வைத்திருப்பார்.

“இன்னைக்குச் சிரிச்சா,” என்றார் மனைவி ஒரு நாள்.

பேப்பர் கொஞ்சம் இறங்கியது. “யாரைப் பாத்து?”

“ஃபேனைப் பாத்து.”

“அந்த ஃபேன் மாஸ்க் போட்டிருக்கா?”

“ஃபேன் உங்க மாதிரி பேசாதுங்க. அதுக்கு வாயை மூட மாஸ்க் வேண்டாம்.”

பேப்பர் மறுபடி உயர்ந்தது. அது தலைகீழாக இருந்ததை மனைவி கவனித்தார், சொல்லவில்லை. இரவு சாப்பிடும்போது பிரின்ஸிபால் கேட்டார்: “மூக்கு யார் மாதிரி?” “போய்ப் பாருங்க,” என்று பதில் வந்தது. போட்டோ அனுப்பச் சொல்லி மகளைக் கேட்டார். எல்லாப் போட்டோவிலும் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. முகத்தில் பாதியைப் போர்வை மூடியிருந்தது. குழந்தைக்குக்கூட முகக்கவசம் போட்ட மாதிரி இருந்தது அவருக்கு.

இந்த நிலையில்தான் வக்கீலம்மா வகுப்புக்கு வந்தார். நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பை நடுங்க வைப்பவர், ஸ்டீயரிங்கைப் பிடித்தால் தானே நடுங்குவார். ஓட்டுநர் தேர்வில் தேறி லைசென்ஸ் வாங்கியும், தனியாக எடுத்துப் போகப் பயந்து, இன்னும் பிரின்ஸிபாலோடு தெருத் தெருவாகச் சுற்றிக்கொண்டிருந்தார்.

கார் கிளம்பியதும் பிரின்ஸிபால் தன் கேள்வியை எடுத்து வைத்தார். “நீங்க சட்டம் படிச்சவங்க. இது கோர்ட்ல நிக்குமா, சொல்லுங்க. ஊசி வேலை செய்யுதுன்னா மாஸ்க் எதுக்கு? செய்யலைன்னா ஊசி எதுக்கு? ரெண்டுல ஒண்ணு.”

வக்கீலம்மா இரண்டாவது கியருக்கு மாறும் கஷ்டத்திலும் ரசித்தார். “அருமையான கேள்வி சார். எந்தப் பக்கம் போனாலும் ஆள் மாட்டிக்குவான். பதிலே சொல்ல விடாத கேள்வி.”

“பாத்தீங்களா,” என்றார் பிரின்ஸிபால் ஜன்னலுக்கு வெளியே, மகள் வீடு இருக்கும் திசையைப் பார்த்து.

சந்தைத் தெருவில் கூட்டம். வக்கீலம்மா நன்றாகவே ஓட்டினார். ஹாரன் அளவாக, இடைவெளி சரியாக. அப்போது சந்திலிருந்து ஒருவர் சைக்கிளில் வந்தார். தோளில் ஒரு நீள ஏணி. ஏணியின் முன்பாதி தெருவுக்குள் வந்து சேர்ந்த பிறகுதான் அவரே வந்தார். வக்கீலம்மா பிரேக்கைத் தேடுவதற்குள் பக்கத்து இருக்கையில் கால் மிதித்துவிட்டது. கார் குலுங்கி நின்றது. ஏணி கண்ணாடிக்கு முன்னால் சாவகாசமாகக் கடந்துபோனது. ஏணிக்காரர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வக்கீலம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “நானே மிதிச்சிருப்பேன் சார்.”

“மிதிச்சிருப்பீங்க.”

“எனக்கு லைசென்ஸ் வந்தாச்சு. நீங்க சொல்லிக் குடுத்ததை ஒண்ணு விடாமக் கத்துக்கிட்டேன்னு நீங்களே சொன்னீங்க. அப்புறமும் காலை எடுக்க மாட்டேங்குறீங்க. பாக்குறவங்க என்ன நினைப்பாங்க?”

“அம்மா, உங்களுக்கு ஓட்டத் தெரியும். யாரு இல்லைன்னா?” பிரின்ஸிபாலுக்குத் தொழில் மானம் பொத்துக்கொண்டு வந்தது. “வண்டி கவுந்தாலும் உங்களைச் சுத்தி தகரம் இருக்கு, பெல்ட் இருக்கு. அந்த ஏணிக்காரருக்கு என்ன இருக்கு? வெறும் பனியன். இந்த பிரேக் உங்களுக்காக இல்ல, அவருக்காக. நீங்க கத்துக்கிட்டது ஒரு பங்கு ஆபத்தைக் குறைக்குது. என் கால் இன்னொரு பங்கைக் குறைக்குது. ரெண்டும் சேந்தாக்கூட என்ன ஆகும்? குறையும், நிக்கா...”

வாய் அப்படியே நின்றது. இந்த வாக்கியத்தை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று அவருக்குத் தோன்றியது. அதுவும் ஒரு சங்கிலி மாட்டிய கதவின் இடுக்கு வழியாக.

வக்கீலம்மா விடவில்லை. “இருங்க சார். உங்க பாடம் வேலை செய்யுதா, செய்யலையா?”

“செய்யுதும்மா.”

“செய்யுதுன்னா பிரேக் எதுக்கு? செய்யலைன்னா பாடம் எதுக்கு? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க.” சொல்லிவிட்டுச் சிரித்தார். “கோவிச்சுக்காதீங்க. கிளம்பினப்ப நீங்க கேட்டதுலேர்ந்து அந்தக் கேள்வி எனக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. யார்கிட்டயாவது கேட்டுப் பாக்கணும்னு இருந்தேன்.”

பின்னால் நின்ற வண்டிகள் ஹாரன் அடித்தன. பிரின்ஸிபால் மீசையை ஒரு பக்கம் தடவினார். பிறகு மறுபக்கம். உடம்புக்கு ஏதும் முடியவில்லையோ என்று வக்கீலம்மா பயந்தார்.

“வண்டியை எடுங்க,” என்றார் பிரின்ஸிபால் கடைசியில். “அடுத்த திருப்பத்துல ஒரு மருந்துக்கடை இருக்கு. அங்க ஓரமா நிறுத்திப் பழகுவோம்.”

மருந்துக்கடையில் நிறுத்திப் பழகினார்கள். அப்புறம் மகள் வீட்டு வாசலில் நிறுத்திப் பழகினார்கள். “அஞ்சு நிமிஷம்,” என்று சொல்லிவிட்டு இறங்கிய பிரின்ஸிபாலின் முகத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு முகக்கவசம். கையில் ஒரு பெட்டி நிறைய மிச்சம்.

மகள் கதவை ஒரு சாண் திறந்தாள். திறந்தவள் அப்படியே நின்றாள்.

“என்ன பாக்குற? கதவு, ஜன்னல் எல்லாத்தையும் திறந்து வை. காத்து வர வேண்டாமா? குழந்தை இருக்கிற வீடா இது?” சங்கிலி விலகியதும் நேராகப் போய்க் கை கழுவினார். முழங்கை வரை கழுவினார். கழுவிக்கொண்டே பேசினார். “ஊசி போட்டாச்சு, இனி ஒண்ணும் ஆகாதுன்னு இந்த ஊர்ல நிறையப் பேரு திரியுறாங்க. விஷயம் தெரியாதவங்க. ஊசிங்கிறது ஓட்டுறவர் கத்துக்கிட்ட பாடம். மாஸ்க்குங்கிறது பக்கத்து ஸீட்டு பிரேக். அது நமக்காக இல்ல, குறுக்க வர்றவங்களுக்காக. ரெண்டும் வேணும். இதை இவ்வளவு சிம்பிளா யாராவது எடுத்துச் சொன்னாங்களா? நானே உக்காந்து யோசிச்சுக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கு.”

“மாமா, அதைத்தான நாங்க அன்னைக்கு...” என்று ஆரம்பித்தார் மாப்பிள்ளை.

மகள் அவர் காலை மெல்ல மிதித்தாள். மாப்பிள்ளை அந்த இடத்திலேயே நின்றுவிட்டார். வம்சத்திலேயே உள்ள கால் அது.

“நல்லாச் சொன்னீங்கப்பா,” என்றாள் மகள். “எனக்கு இப்பத்தான் புரியுது.”

“புரியும்,” என்றார் அவர் பெருந்தன்மையாக. அன்றைக்கும் முன்னதாகவே வந்திருந்த மனைவி பக்கம் திரும்பினார். “உனக்கு மூக்கு வெளியே தெரியுது. மேல இழு.”

மனைவி மேலே இழுத்துக்கொண்டார். இழுத்த கையோடு கண்ணையும் ஒருமுறை துடைத்துக்கொண்டார்.

குழந்தையைக் கொண்டுவந்து மடியில் வைத்தார்கள். பிரின்ஸிபால் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஸ்டீயரிங் பிடிப்பதுபோல் இரு பக்கமும் வைத்துக்கொண்டார். மூக்கைத்தான் முதலில் பார்த்தார். அவருடைய மூக்கேதான். இரண்டு அடுக்குத் துணிக்குப் பின்னால் அவருடையது இருப்பதால் ஒப்பிட்டுப் பார்க்க யாருக்கும் வழியில்லை.

வாசலில் ஹாரன் கேட்டது. “அய்யோ, வக்கீலம்மா,” என்றார் பிரின்ஸிபால். எழுந்திருக்கவில்லை.

“காத்துக்கிட்டு இருக்காங்களே மாமா,” என்றார் மாப்பிள்ளை.

“அவங்களுக்கு லைசென்ஸ் இருக்கு. ஷட்டர் முன்னாடி விட்டுட்டுச் சாவியை செல்போன்காரர்கிட்ட குடுக்கச் சொல்லுங்க. கொஞ்ச தூரம்தான். மெதுவாப் போகச் சொல்லுங்க.”

மாப்பிள்ளை போய்ச் சொன்னார். பிறகு இன்ஜின் உறுமியது. திறந்த ஜன்னலுக்கு வெளியே, முதல்வர் பெயர் எழுதிய கார் யாருமற்ற பக்கத்து இருக்கையோடு மெல்ல நகர்ந்தது. அது தெருமுனை திரும்பி மறையும்வரை பிரின்ஸிபாலின் கால் தரையை அழுத்திக்கொண்டே இருந்தது.

குழந்தை கண்ணைத் திறந்தது. மேலே பார்த்தது. பொக்கை வாயைத் திறந்து சிரித்தது.

“என்னைப் பாத்துதான் சிரிக்கிறா,” என்றார் பிரின்ஸிபால்.

அவர் தலைக்கு நேர் மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. அதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் விவாதம் செய்யவில்லை.