ரெஜிஸ்ட்ரியைப் பெருக்கிய ஆர்லீன்

1

இந்தக் கதை எங்கள் ஊர் கர்லிங் (பனித்தளத்தில் கல்லைச் சறுக்கவிடும் ஆட்டம்) மன்றத்தின் காப்பி மேசையில் கிடைத்தது. கிடைத்தது என்ன, சுட்டதுதான். பிறகுதான் ஆர்லீனிடம் அனுமதி கேட்டேன். "எழுதிக்கோ. ஆனா என்னை முட்டாளாக்காதே, அதை நானே பாத்துக்கிட்டேன்" என்றாள்.

எழுதிப் பார்த்த முதல் வரிகள்:

கனடாவின் மனிடோபாவில் பனி பொழிந்துகொண்டிரு— (பொழியாத நாள் உண்டா என்ன?)

கணினி என்பது மனித மனத்தின்— (ஐயோ, வேண்டாம்.)

சரி, நேராகவே வருகிறேன். ஆர்லீன் மன்றத்தின் செயலாளர். குளிர்காலப் போட்டியில் எந்த அணி யாரோடு எப்போது ஆடும் என்று அட்டவணை போடுவது அவள்தான். அதைப் போடும் நிரல் அலுவலக அறையின் பழைய கணினியில் மட்டும் ஓடும். அந்தக் கணினி இருக்கும் மேசைதான் அவளுக்குச் சிம்மாசனம். மன்றத் தலைவர் கார்த்துக்கோ அதைத் தன் மருமகளுக்குக் கொடுக்க ஆசை. ஆர்லீன் கையால் ஒரே ஒரு தப்பு நடக்கட்டும் என்று காத்திருந்தார்.

2

கணினியைத் திறக்கும்போதெல்லாம் ஏதோ ஒரு கோப்பைக் காணோம் என்று ஒரு பெட்டி எழும். மூடினால் போய்விடும். ஆனால் ஆர்லீன், ஆட்டத்தில் ஓடும் கல்லுக்கு முன்னால் பனித்தளத்தைத் துடைப்பத்தால் தேய்த்தே வளர்ந்தவள். பெருக்கிப் பழகிய கை சும்மா இருக்குமா? போட்டிக்கு முந்தின நாள் இலவசத் துப்புரவு நிரல் ஒன்றை இறக்கினாள். அது ரெஜிஸ்ட்ரிக்குள் நுழைந்தது.*

* எந்த நிரல் எங்கே குடியிருக்கிறது, அதற்கு என்னென்ன வேண்டும் என்று கணினி தனக்காக வைத்திருக்கும் குறிப்பு. நம் கண்ணுக்கு முக்கால்வாசி குப்பையாகத்தான் தெரியும்.

ஏகப்பட்ட பிழைகள் என்று சிவப்பாகக் காட்டியது. முதலில் நகல் எடுத்துவைக்கவா என்று மரியாதையாகவும் கேட்டது. வேண்டாம் என்றாள். 'எல்லாவற்றையும் சரிசெய்' என்பதை அழுத்தினாள். அந்தப் பெட்டி அதன்பிறகு எழவில்லை. அட்டவணை நிரலும் எழவில்லை. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி.

3

இங்கே எனக்கு ஒரு சிக்கல். கதையில் டெல்பர்ட் என்று ஒருவர் இருக்கிறார். தானியக் கிடங்கில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். அலுவலக அறையில் உட்கார்ந்து பட்டர் டார்ட் என்ற இனிப்புப் பண்டத்தைத் தின்பார், அடுத்தவர் பேச்சில் மூக்கை நுழைப்பார். கதைக்கு நயாபைசா உபயோகமில்லை. தேவையற்ற பதிவு என்று நீக்கிவிட்டேன். கதை இப்படி ஓடியது:

"என்ன ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டே கார்த் உள்ளே வந்தார்.

"கம்ப்யூட்டர் செத்துப்போச்சு."

"கிழட்டுப் பெட்டிதானே. அதுக்கு நீ என்ன பண்ணுவே? வேற வாங்கிடலாம், நீயே வெச்சுக்கோ."

முடிந்தது. ஆர்லீன் பொய் சொல்லவில்லை. மீதியைச் சொல்லவில்லை, அவ்வளவுதான். மேசை தப்பியது, ஆனால் கதை திறக்க மாட்டேன் என்றது. எனக்கு அவளைப் பிடிக்கும். அவளை இப்படி விட்டுவிட மனம் வரவில்லை.

4

டெல்பர்ட்டைத் திரும்ப உட்காரவைத்தேன். (நல்லவேளை, நகல் வைத்திருந்தேன்.)

"அதுக்கு நீ என்ன பண்ணுவே?" என்று கார்த் சொல்லி வாய் மூடவில்லை. டெல்பர்ட் டார்ட்டை மென்றபடி கேட்டார்: "யாராவது தொட்டீங்களா?"

எங்கள் ஆட்களிடம் கேட்கக்கூடாத கேள்வி அது. ஆட்டத்தில் ஓடும் கல் மீது துடைப்பம் பட்டுவிட்டால், யாரும் பார்க்காவிட்டாலும், தொட்டவரேதான் சொல்லவேண்டும். மறைத்தவரோடு அப்புறம் எவரும் ஆட வரமாட்டார்.

ஆர்லீன் தன் சிம்மாசன மேசையின் விளிம்பை இறுக்கிப் பிடித்தாள்.

"நான் தொட்டேன், கார்த். நான்தான். சுத்தம் பண்றேன்னு எல்லாத்தையும் தொடச்சுட்டேன்."

"அட, நான் சும்மா கேட்டேம்மா!" என்று பதறினார் டெல்பர்ட்.

"கேட்டுட்டியே, சண்டாளா."

5

ஒருவர் ஒப்புக்கொண்டபின் எதிரணித் தலைவர்தான் முடிவு சொல்வார். கல்லை எடுத்துவிடலாம். நின்ற இடத்திலேயே விடலாம். தொடாமல் இருந்திருந்தால் எங்கே போய் நின்றிருக்குமோ, அங்கே வைக்கலாம்.

கார்த் மேசையைப் பார்த்தார். ஆர்லீனைப் பார்த்தார். "சரி, ஆர்லீ—"

இதற்கு மேலும் எழுதியிருந்தேன். அழித்துவிட்டேன், இந்தமுறை நகல் இல்லாமல்.

எதிரணித் தலைவர் இனி நீங்கள்தான். அட்டவணையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், அதைக் கையாலேயே போட்டுவிடுவார்கள். மேசை யாருக்கு என்று மட்டும் சொல்லுங்கள். சொல்லும்முன் ஒன்று: எங்கள் ஊரில் ஆட்டம் முடிந்ததும், ஜெயித்தவர் தோற்றவருக்கு முதல் கோப்பை பானத்தை வாங்கிக் கொடுத்து எதிரிலேயே உட்காரவேண்டும்.