புரோட்டிஸ்டா யாருக்கு?

பிளஸ் ஒன் வகுப்பின் கடைசி பெஞ்சில் தாளாளர் புருஷோத்தமன் உட்கார்ந்ததும் பெஞ்ச் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பிள்ளைப்பாக்கத்தில் கண்டெய்னர் லாரிகள் நிற்கும் திடலுக்குப் பின்னால் தகரக் கூரை போட்டுப் பள்ளி கட்டி, அதற்கு ‘குளோபல்’ என்று பெயரும் வைத்தவர் அவர். வாசல் வளைவில் சிமென்ட்டில் ஒரு பூமி உருண்டை உண்டு. அதில் இந்தியா சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

போன வாரம் அவருக்கு ஒரு ஞானம் பிறந்திருந்தது. பயாலஜி ஒரு பாடம்தானே, அதற்கு எதற்கு இரண்டு பேர்? ஜூனிலிருந்து ஒருவர் போதும். தாவரவியல் ரகுபதியும் விலங்கியல் அமலாவும் தாளாளர் முன்னால் அடுத்தடுத்து ஒரே பாடத்தை நடத்திக் காட்ட வேண்டும்: ஐந்துலக வகைப்பாடு. அமலா வீட்டில் அவள் சம்பளம் ஒன்றுதான். கணவர் வேலை பார்த்த தொழிற்சாலை லைனை தீபாவளிக்கு முன்பே மூடிவிட்டார்கள்.

சுங்குவார்சத்திரம் டீக்கடையில் ரகுபதிதான் வழி சொல்லியிருந்தார்.

“இன்னா மிஸ், இதுக்குப் போயி பயந்துகினு. எப்பவும் பிரிச்சிக்கிற மாதிரியே பண்ணுவோம். பாக்டீரியா முடிச்சதும் நான் சாக்பீஸ கீழ வச்சிடுவேன். புரோட்டிஸ்டா மிஸ் ஏரியா, எனக்கு வராதுன்னுடுவேன். நீங்க உள்ள வந்து அத்த முடிச்சிட்டு, பூஞ்சைக்கு என்ன கூப்டுங்க. ரெண்டு பேரும் இல்லாம வண்டி ஓடாதுன்னு அந்தாளுக்குப் புரியட்டும்.”

“கடைசில கால வாரிட மாட்டீங்களே சார்?”

“வல்லக்கோட்டை முருகன் மேல சத்தியம்.”

அமலா சர்ச்சுக்குப் போகிறவள். ஆனாலும் முருகனை நம்பினாள்.

பாடத்தை அவர்கள் பங்கு போட்டிருந்ததற்கு ஒரு பழங்கதை உண்டு. நகராமல் கிடந்ததால் பூஞ்சை ஒருகாலத்தில் தாவரத்தோடு இருந்தது. ஓடியாடியதால் அமீபா விலங்கோடு. பிறகு விஞ்ஞானிகள் செல்லுக்குள் எட்டிப் பார்த்து எல்லாரையும் வீடு மாற்றினார்கள். உட்கரு இல்லாத பாக்டீரியா மொனிரா என்ற உலகத்துக்குப் போனது. சொந்தமாகச் சமைக்கத் தெரியாமல் அழுகியதை உறிஞ்சிப் பிழைக்கும் பூஞ்சைக்குத் தனி உலகமே கிடைத்தது. உட்கரு இருந்தும் வேறெங்கும் சேராதவற்றையெல்லாம் போட்டுவைக்கும் பரண்தான் புரோட்டிஸ்டா. வெளிச்சத்தில் தாவரம்போலச் சமைத்துக்கொண்டு, இருட்டானால் கிடைத்ததைத் தின்னும் யூக்ளினா அங்கேதான் குடியிருக்கிறது. அந்தப் பரணைத்தான் அமலா வருடாவருடம் துடைத்து வைத்திருந்தாள். அதே பரணில் இருக்கும் பாரமீசியத்துக்கு அவள் படம் வரைவதில்லை. காலிலிருந்து செருப்பைக் கழற்றி மேசைமேல் வைப்பாள். ‘சுத்தி முடி மொளைச்ச செருப்பு, இதான் பாரமீசியம்.’ பிள்ளைகள் பரீட்சை வரைக்கும் மறக்கமாட்டார்கள்.

கடைசி பெஞ்சில் தாளாளர் பார்த்துக்கொண்டிருக்க, ரகுபதி பாக்டீரியாவை முடித்தார். வராந்தாவில் நின்றிருந்த அமலா புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டு வாசலுக்கு நகர்ந்தாள். சொன்னபடியே அவர் சாக்பீஸைக் கீழே வைத்தார். பிறகு குனிந்தார். ஷூ லேஸை அவிழ்த்தார்.

பாலிஷ் போட்ட ஷூ மேசைமேல் ஏறியது.

“சுத்தி முடி மொளைச்ச ஷூ. இதான் பாரமீசியம்.”

அவள் நிறுத்தும் இடத்திலேயே நிறுத்தினார். வகுப்பு சிரித்தது. தாளாளர் சிரித்ததில் பெஞ்ச் ஆடியது. யூக்ளினா வந்தது, அமீபா வந்தது, மூச்சு விடாமல் பூஞ்சையும் தாவரமும் விலங்கும் வந்து முடிந்தன.

“ஒத்த ஆளே எல்லாத்தையும் சொல்ட்டாரே. மிஸ்ஸுக்கு இன்னா மிச்சம்?” என்று தாளாளர் கைதட்டினார்.

கைதட்டலுக்குக் கும்பிட்டபடியே ரகுபதி வெளியே வந்தார். வாசலில் அமலா.

“தப்பா எடுத்துக்காதீங்க மிஸ். நீங்களும் எனக்குத் தெரியாம எல்லாத்தையும் படிச்சிகினு வந்திருப்பீங்கன்னு நெனச்சேன்.”

“நான் பூஞ்சைய தொறந்துகூட பாக்கல சார்.”

அவர் தலை குனிந்துகொண்டார். அப்போதுதான் தன் காலைப் பார்த்தார்.

“ம், ஆரம்பிங்க மிஸ்” என்றது உள்ளிருந்து குரல்.

அமலா உள்ளே போனாள். மேசைமேல் ஷூ வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. அதன் பக்கத்தில் சாக்பீஸ். பிள்ளைகள் அவள் முகத்தையும் ஷூவையும் மாறிமாறிப் பார்த்தார்கள். அவள் ஷூவைத் தொடாமல் சாக்பீஸை மட்டும் எடுத்தாள். ஜன்னலுக்கு வெளியே சித்திரை வெயிலில் சிமென்ட் தரை கொதித்தது. சாக்ஸ் காலை இன்னொரு கால் ஷூவின்மேல் ஏற்றி வைத்துக்கொண்டு, உள்ளே வரவும் முடியாமல் போகவும் முடியாமல், ரகுபதி மேசையையே பார்த்துக்கொண்டு நின்றார்.