சத்தம் குடித்த கதவு

தாயில்பட்டிக்குக் கிழக்கே ஒரு பட்டாசு ஆலையில் 2003ஆம் வருடம் ஆடி மாதம் வெடித்த வெடி, குருவம்மாளின் காதுகளில் மூன்று வருடமாக வெடித்துக்கொண்டே இருந்தது. மற்றவர்களுக்கு அது கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துபோன சங்கதி. தீயணைப்பு வண்டி வந்தது, பேப்பரில் போட்டார்கள், ஆலைக்குக் கொஞ்ச காலம் சீல் வைத்தார்கள், சீசன் நெருங்கியதும் திறந்தார்கள். குருவம்மாளுக்கு மட்டும் முடியவில்லை. மனப்பிரமை என்று ஒதுக்கிவிடவும் வழியில்லை, ஏனென்றால் அவள் காதோடு காதை வைத்துக் கேட்ட எல்லோருக்கும் அது கேட்டது. விருதுநகரில் காது டாக்டர் ஒருவர் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு வெடுக்கென்று தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை அவள் தூக்கினாலே வீரிட்டு அழுதது. வெம்பக்கோட்டை பஸ்ஸில் ஒரு கண்டக்டர் அவளுடைய பையைத் திறந்து காட்டச் சொன்னார், பஸ்ஸில் பட்டாசு கொண்டுபோகக் கூடாது என்பது சட்டம். உள்ளே கத்தரிக்காயும் கருவாடும்தான் இருந்தன. இருந்தாலும் எதற்கு வம்பு என்று அவளை நடுவழியில் இறக்கிவிட்டுப் போனார்.

அந்த வெடியில் போனவர்களில் குருவம்மாளின் தங்கை மாரிசெல்வியும் ஒருத்தி. அக்காவும் தங்கையும் ஒரே அறையில் வேலை பார்த்தவர்கள். அக்கா வாசல் பக்கம் உட்கார்ந்திருந்தாள், தங்கை உள்சுவர் பக்கம் உட்கார்ந்திருந்தாள். இதற்கு மேல் குருவம்மாள் அந்த நாளைப் பற்றி யாரிடமும் பேசியதில்லை. அவள் புருஷன் மாரிக்கண்ணனும் கேட்டதில்லை. அவன் திருத்தங்கலில் சொந்தமாக ஒரு பழைய டீசல் கார் வைத்து, ஆர்டர் கொடுக்க வரும் வெளியூர் வியாபாரிகளை விருதுநகர் ஜங்ஷனில் ஏற்றி சிவகாசிக் கம்பெனிகளில் இறக்கிவிடுகிறவன். எந்தக் கோளாறானாலும் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் வாங்கி மாட்டினால் சரியாகிவிடும் என்று நம்புகிற ஜாதி. ஒரு சத்தத்தை இன்னொரு சத்தத்தால்தான் அமுக்க முடியும் என்று அவனுக்கு ஒருநாள் தோன்றியது. காரில் ஏற்கெனவே இருந்த ஸ்பீக்கர்களோ, தகர டப்பாவுக்குள் மாட்டிக்கொண்ட வண்டைப் போல இரைந்தனவே தவிர பாட்டைக் காணோம். ஆகவே 2006 ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை, சவாரியைக்கூட விட்டுவிட்டு, குருவம்மாளை முன் சீட்டில் உட்காரவைத்து விருதுநகருக்குக் கிளம்பினான்.

மதுரை ரோட்டில் நிஜாமின் கடை. சுற்றிலும் மிளகாய் வத்தல் குடோன்கள் என்பதால் அங்கே பாட்டுக் கேட்கிறவர்கள் பல்லவி முடிவதற்குள் இரண்டு தும்மல் போட்டுவிடுவார்கள். நிஜாம் ஒரு பலகையில் வரிசையாக ஸ்பீக்கர்களைப் பதித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டன் வைத்திருந்தான். எதை அமுக்கினால் எது பாடும் என்பது அவனுக்குக் கண்ணை மூடிக்கொண்டே தெரியும். நாலு இஞ்ச் சின்னது, கீழ்க்கட்டை வராது என்றான். ஆறு இஞ்ச் போட்டால் கதவில் ஓட்டையைப் பெரிதாக வெட்ட வேண்டும் என்றான். நடுவில் குட்டி ஸ்பீக்கர் உட்கார்ந்திருப்பது சன்னமான சத்தத்துக்கு, பின்னால் காந்தம் எவ்வளவு கனமோ அவ்வளவு அடி தாங்கும். மாரிக்கண்ணன் தேங்காய் வாங்குகிறவனைப் போல ஒவ்வொன்றையும் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, அட்டைப் பெட்டியில் போட்டிருந்த வாட்ஸ் கணக்கை உரக்க வாசித்தான்.

“அதெல்லாம் அட்டையில அடிக்கிறதுதான அண்ணாச்சி,” என்றான் நிஜாம். “அட்டை எந்த ஊருல அச்சாகுதுன்னு நான் ஒங்களுக்குச் சொல்லணுமாக்கும்?”

தேர்ந்தெடுத்தது குருவம்மாள்தான். காதுக்கு ஏற்கெனவே வேலை இருந்ததால் அவள் காதால் கேட்கவில்லை. பாடிக்கொண்டிருந்த ஸ்பீக்கர் ஒவ்வொன்றின் முன்னாலும் உள்ளங்கையைக் காட்டிக்கொண்டு நின்றாள். பிளாஸ்டிக் கூம்பு வைத்தவை அவள் கையில் சுள்ளென்று அடித்தன. கறுப்புக் காகிதக் கூம்பு வைத்த ஓர் ஆறு இஞ்ச் ஜோடியின் முன்னால் வந்ததும் கையை எடுக்கவே இல்லை. “இதுதான் அடிக்காம தொடுது,” என்றாள். அந்த ஜோடியே முடிவாயிற்று.

வலது கதவை நிஜாம் முறைப்படி செய்தான். உள்பக்க அட்டையைக் கழற்றினான், ஓட்டையை வெட்டினான், கண்ணாடியை இறக்கும்போது காந்தத்தில் இடிக்காமல் இருக்க மர வளையம் ஒன்று கொடுத்து ஸ்பீக்கரை முடுக்கினான். இடது கதவில் ஓட்டை போட்டு வளையத்தையும் வைத்து முடித்தபோது ஜும்ஆவுக்கு நேரமாகிவிட்டது. “தொளுதுட்டு ஓடியாந்துருதேன். ஒண்ணையும் தொட்டுறாதீக,” என்று சொல்லிவிட்டுப் போனான். பட்டாசுக்காரர்களிடம் இதைச் சொல்ல வேண்டியதே இல்லை, தெரியாத சாமானைத் தொடாதவர்கள்தான் இந்தப் பக்கத்தில் வயசாகிச் சாகிறார்கள். ஆனால் முன் சீட்டில் உட்கார்ந்திருந்த குருவம்மாள், இடது ஸ்பீக்கர் எந்தப் பக்கம் பார்த்து உட்காரப்போகிறது என்பதை அப்போதுதான் கவனித்தாள். அதன் வாய் நேராக அவள் முழங்காலைப் பார்த்தது. வெடிக் குழாயின் வாய் ஆளைப் பார்க்கக் கூடாது என்பது பட்டாசு ஊர்களில் பிள்ளைகள் அனா ஆவன்னாவுக்கு முன்னால் படிக்கிற பாடம். காலிக் குழாயாக இருந்தாலும், மருந்தே காணாத அட்டைச் சுருளாக இருந்தாலும், வாயைச் சுவர்ப்பக்கம் திருப்பித்தான் அடுக்குவார்கள்.

“ஏங்க, இது என்ன, வாயை ஆளு பக்கம் வச்சுருக்கு?” என்றாள். மாரிக்கண்ணனுக்கும் அது நியாயமாகவே பட்டது. வலது பக்கத்தைப் பார்த்தபோதே அவனுக்கு லேசாக உறுத்தியிருந்தது, போகட்டும், டிரைவர் உயிர்தானே என்று விட்டிருந்தான். பெண்டாட்டி விஷயத்தில் விட முடியவில்லை. திருப்புளியை எடுத்து, ஸ்பீக்கரின் வாய் கதவுக்குள்ளும் காந்தம் ஆள் பக்கமுமாக வைத்து இறுக முடுக்கிவிட்டான். தொழுதுவிட்டு வந்த நிஜாம் பார்த்தான், தொப்பியைக் கழற்றினான், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

“அண்ணாச்சி, ஸ்பீக்கரு வெடிக்காது.”

“வெடிக்காதுன்னு சொன்னதுதான் பாய் அம்புட்டும் வெடிச்சிருக்கு.”

நிஜாம் தொப்பியை மடித்துப் பையில் போட்டான். அட்டையில் காந்தம் அளவுக்கு வட்டம் வெட்டி மூடிக்கொடுத்தான். திரும்பும் வழியில் வலது கதவு மட்டும் பாடியது. இடது கதவிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. ஆமத்தூர் தாண்டியதும் மாரிக்கண்ணன் பக்கவாட்டில் பார்த்தான், குருவம்மாள் கதவில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். மூன்று வருடத்தில் அவள் அப்படித் தூங்கி அவன் பார்த்ததில்லை. ஓரமாக நிறுத்தி அவள் காதோடு காதை வைத்தான். எட்டத்தில் எங்கோ ஓர் அதிர்வு இருந்தது, அதுவும் கொஞ்சம் கொஞ்சமாகக் கதவுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அவளை எழுப்ப மனம் வராமல் திருத்தங்கலைத் தாண்டினான், சிவகாசியைத் தாண்டினான், டீசல் முள் சிவப்பைத் தொடும்வரை வெம்பக்கோட்டை ரோட்டில் போய்க்கொண்டே இருந்தான். அழுதுகொண்டேதான் ஓட்டினான், சந்தோஷத்தில்.

செய்தி பரவ எத்தனை நாளாகும்? காதில் இரைச்சல் இல்லாத ஆளை அந்தப் பக்கம் விரல் விட்டு எண்ணிவிடலாம். சனிக்கிழமை சம்பளம் வாங்கிக்கொண்டு நேரே மாரிக்கண்ணன் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். முன் சீட்டில் உட்காரவைத்து, கண்மாய்க்கரை வரை போய்த் திரும்பினால் போதும், இடது கதவு அவர்களுடைய வெடிகளைக் குடித்துவிடும். கம்பெனியில் சாம்பிள் வெடி போட்டுப் பார்க்கும் வேலையிலேயே தலை நரைத்த சீனிச்சாமிக்கு மட்டும் பல நடை தேவைப்பட்டது. சத்தத்துக்கும் எடை உண்டு என்பது அப்போதுதான் தெரிந்தது. கதவு தொங்கிப்போய், இரண்டு கையாலும் தூக்கித்தான் சாத்த வேண்டியிருந்தது. இடது முன் டயர் மட்டும் மொட்டையாகத் தேய்ந்தது. நிஜாம் வந்து கீல்களை மாற்றிவிட்டு, இனிமேல் லோடு ஏற்றாதீர்கள் என்று எச்சரித்துப் போனான்.

தை பிறந்தபோது குருவம்மாள் சாப்பாட்டைக் குறைத்தாள். பிறகு நிற்கிற காரில் போய் உட்கார்ந்து இடது கதவில் காதை வைத்துக்கொள்ள ஆரம்பித்தாள். கதவு எதையும் திருப்பிக் கொடுக்கவில்லை. கடைசியில் ஸ்பீக்கரைத் திருப்பி மாட்டச் சொன்னாள். மாரிக்கண்ணன் முடியாது என்றான். அவனுக்குக் கிடைத்ததே இப்போதுதான், தூங்குகிற ஒரு பெண்டாட்டி. அதோடு, கதவுக்குள் இருப்பது அவள் வெடி மட்டுமா? ஊர் வெடி அத்தனையும் ஒன்றாக வந்தால் அவள் என்ன ஆவாள்? மூணு வருசம் பட்டது பத்தாதா என்று கத்தினான். அவள் சத்தம் போடாமல் சொன்னாள்:

“அந்த வெடிக்குள்ள அவ யக்கான்னு கூப்பிட்டா. எனக்குக் கேட்டுச்சு. நான் வாசப்பக்கம் ஓடிக்கிட்டு இருந்தேன், பதில் சொல்லல. மூணு வருசமும் அவ கூப்பிட்டுக்கிட்டேதான் இருந்தா. என்னைக்காச்சும் ஒருநா வாய் வந்து சொல்லிருவோம்னு இருந்தேன். இப்பக் கூப்பிடவும் ஆளில்ல.”

மாரிக்கண்ணன் வண்டியை எடுத்துக்கொண்டு சவாரிக்குப் போய்விட்டான். அந்த வாரம் முழுக்க யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுந்தான், தனக்கு வந்திருப்பது கோபம் என்று நினைத்துக்கொண்டான். அழுகை என்று புரிந்த அன்றைக்கு நிஜாமுக்குப் போன் போட்டான்.

அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்குக் கம்பெனிகள் லீவு விட்ட மறுநாள், தாயில்பட்டிக்கு அப்பால் வறண்டு கிடந்த கண்மாயின் நடுவில் காரை நிறுத்தினார்கள். சத்தம் கொடுத்தவர்கள் எல்லோருக்கும் முன்கூட்டியே சொல்லியிருந்ததால், அவரவர் தண்ணீர் பாட்டிலும் குடையுமாக வந்து தள்ளி நின்றார்கள். நிஜாம் பிஸ்மில்லா சொல்லி அட்டையைக் கழற்றி, ஸ்பீக்கரின் வாயைத் திருப்பி வைத்து, ஒயரைச் செருகிவிட்டு ஓடினான். கடைசியாகப் போனது முதலில் வந்தது. இரண்டாவது, மூன்றாவது என்று ஒவ்வொன்றாக வந்தன. சரவெடி, குடோன் வெடி, யாரோ ஒருவனுடைய சின்ன வயசு ஊசிவெடி. தன் வெடி வந்ததும் அந்தந்த ஆளுக்கு அது தன்னுடையது என்று தெரிந்தது, கல்யாண வீட்டில் செருப்பைக் கண்டுபிடிப்பது போல முன்னால் வந்து நின்றார்கள். அவை யார் காதிலும் திரும்ப ஏறவில்லை, கருவேலங்காட்டுப் பக்கம் போய் மறைந்தன. சொல்லப்போனால் எதுவும் பயப்படுகிற அளவுக்குக்கூட இல்லை. சீனிச்சாமி தன் வெடிகளைக் கேட்டுவிட்டு, “இம்புட்டுத்தானா? இதுக்காகவா நான் இத்தன வருசம் ஒறங்கல?” என்று தலையில் அடித்துக்கொண்டார். ஆறு இஞ்ச் ஸ்பீக்கரில் இதற்கு மேல் வராது என்று நிஜாம் அவரைச் சமாதானம் செய்தான்.

முதலில் போனது குருவம்மாளுடையது என்பதால் அது கடைசியாகத்தான் வரும். அவள் காலையிலிருந்து திறந்த கதவின் முன்னால் மண்ணில் உட்கார்ந்திருந்தாள். வெயில் தாழ்ந்தபோது வந்தது. பக்கத்துத் தெருவில் தகரக் கதவைச் சாத்தியது போல ஒரு சத்தம். அதற்குள்ளிருந்து மாரிசெல்வி தெளிவாகக் கூப்பிட்டாள். “யக்கா!” தெரிந்தவர்கள் எல்லோருக்கும் குரல் தெரிந்தது. குருவம்மாள் முட்டிபோட்டுக் கதவுக்குக் கிட்டே நகர்ந்தாள். மாரிக்கண்ணன் அவள் பின்னால் வந்து உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொண்டான்.

“என்னடி,” என்றாள். பிறகு சொன்னாள்: “என்னால வர முடியலடி. வாச பக்கத்துல இருந்துச்சு, ஓடிட்டேன்.”

ஸ்பீக்கரின் காகிதம் லேசாக அசைந்தது.

“சரிக்கா,” என்றாள் மாரிசெல்வி. கடையில் சீனி தீர்ந்துவிட்டது என்று சொன்னால் சொல்வாளே, அந்தக் குரலில்.

அதற்குப் பிறகு கார் வானொலியில் ஓடிக்கொண்டிருந்த பாட்டு இரண்டு கதவுகளிலும் ஒரே மாதிரி கேட்டது. குருவம்மாள் மண்ணில் கவிழ்ந்து அழுது முடிக்கும்வரை மாரிக்கண்ணன் அதை நிறுத்தவில்லை. நிஜாம் அட்டையை மாட்டித் திருகுகளை முடுக்கினான், கூட்டம் கடைசி பஸ்ஸைப் பிடிக்கக் கலைந்தது. அந்தப் பங்குனியைப் பற்றித் தாயில்பட்டிக்காரர்கள் இன்றைக்கும் சொல்வார்கள்: வத்தல் நல்ல விலைக்குப் போனது, பொங்கலன்று மழை பெய்யாமல் தட்டிப்போனது, மாரிசெல்விக்கு அவள் அக்கா பதில் சொன்னாள்.