ஒன்பது நாள் ஐந்தடி இரண்டங்குலம்

1928-ஆம் ஆண்டு சித்திரை மாதம், ரப்பர் விலை சரிந்துகொண்டிருந்த அதே சமயத்தில், ஜொகூரின் தெப்ராவ் ஆற்று முகத்துவாரத்தில் கடல் ஒன்பது நாள் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. ஐந்தடி இரண்டங்குலத்தில் அப்படியே நின்றது. மற்ற கரைகளிலெல்லாம் வழக்கம்போல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. இங்கே மட்டும்தான் இப்படி. சேறு எப்போது வெளியே தெரியும் என்று காத்திருந்த கொக்குகள் நான்காம் நாள் சலித்துப்போய் ரப்பர் தோட்டத்துப் பக்கம் பறந்து, பால்வெட்டு முடித்துத் திரும்பியவர்களின் பின்னால் வரிசையாக நடந்தன. ஆறாம் நாள் தண்ணீர் புளித்தது. எட்டாம் நாள் மீன்கள் வயிறு மேலாக மிதந்தன.

அந்த முகத்துவாரத்தில் அடியும் அங்குலமும் எழுதிய அளவுமரம் ஒன்று நட்டிருந்தது. காலை ஆறு, பகல் பன்னிரண்டு, மாலை ஆறு என்று மூன்று வேளையும் பலகைப் பாலத்தில் நடந்துபோய் அதைப் பார்த்து நோட்டில் எழுதுவது மரியநாதனின் வேலை. ஊரில் அவரைத் தண்ணிக் கிராணி, அதாவது தண்ணீருக்குக் கணக்கெழுதுகிறவர், என்பார்கள். எழுதுவது யாருக்கு என்றால், கண்டல் காட்டு வேர்களுக்கிடையில் இறாலும் மீனும் எப்படிக் குஞ்சு வளர்க்கின்றன என்று கண்ணாடிக் குடுவைகளில் எண்ணி ஆராய்ந்துகொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரருக்கு. அவர் இறால் துரை. அந்தக் காட்டை விறகுக்கு வெட்ட விடலாமா, வெட்டாமல் காக்க வேண்டுமா என்று அரசாங்கம் அவரிடம்தான் கேட்டிருந்தது. அவருடைய குடுவையும் இவருடைய நோட்டும் சேர்ந்துதான் பதில் சொல்ல வேண்டும்.

சித்திரையில் மரியநாதனின் மைத்துனன் ஜோனுக்குக் குளுவாங்கில் கல்யாணம் வந்தது. துரையோ பத்து நாள் சிங்கப்பூர் போயிருந்தார். லீவு கேட்கவும் ஆளில்லை, கேட்கும் எண்ணமும் மரியநாதனுக்கு இல்லை. ரயிலுக்குக் கிளம்புமுன் ஒன்பது நாளுக்கான இருபத்தேழு வரிகளையும் உட்கார்ந்த இடத்திலேயே நிரப்பினார். வரிக்கு ஒரு பொய் யோசிக்கக்கூடச் சோம்பல் அந்த மனிதருக்கு. எல்லா வரியிலும் ஐந்தடி இரண்டங்குலம் என்றே எழுதிவைத்துவிட்டு, மனைவி சூசையம்மாளோடு போய்விட்டார். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடும் என்பது பூனையின் கணக்கு.

பத்தாம் நாள் காலை திரும்பி வந்தவரை நாற்றம்தான் வரவேற்றது. அளவுமரத்தைப் பார்த்தார், ஐந்தடி இரண்டங்குலம். நோட்டைப் பார்த்தார். பிறையையும் பழைய பக்கங்களையும் வைத்து நியாயமாக அந்த வேளைக்கு என்ன இருக்க வேண்டும் என்று யோசித்து, மூன்றடி என்று எழுதினார். மை காய்வதற்குள் தண்ணீர் இறங்கத் தொடங்கியது. அவருக்கு ஆச்சரியம் வரவில்லை. வெட்கம்தான் வந்தது, காது நுனி வரை சுட்டது. யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார்.

பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். படகிலேயே பிறந்து படகிலேயே வாழும் ஓராங் சிலேத்தார் மக்கள் அங்கே நாலைந்து குடும்பம். தண்ணீர் வற்றினால் சேற்றில் கெராங் சிப்பி பொறுக்குவார்கள். அதுதான் அவர்கள் சோறு. ஒன்பது நாளும் கண்டல் காயை அவித்துத் தின்றிருந்தார்கள். அவர்களில் மாக் ஈத்தாம் என்பவளுக்குப் பால் வற்றி, மடியிலிருந்த பிள்ளைக்கு அழக்கூடத் தெம்பில்லை. அன்று மாலை அவள் முதல் சிப்பிகளில் ஒரு கூடை கொண்டுவந்து மரியநாதன் வாசலில் வைத்துவிட்டுப் போனாள். அவர் அதில் ஒன்றைக்கூடத் தொடவில்லை. மறுநாளும் கொண்டுவந்து வைத்தாள்.

அந்த வாரமே துரை திரும்பினார். செத்த மீனை எண்ணினார், காலியான குடுவையைப் பார்த்தார், நோட்டைப் புரட்டினார், அறிக்கை எழுதினார். இங்கே நீரோட்டம் நின்றுவிடுகிறது, குஞ்சு பிழைக்காது, காப்பாற்ற ஒன்றும் இல்லை, காட்டை வெட்டலாம். வியாழக்கிழமை படகில் அறிக்கை போக வேண்டியது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்க, மரியநாதன் ஜொகூர் பாரு மாதா கோயிலுக்குப் போய், சாமியாரிடம் குற்றத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தார். சாமியார் மூன்று ஜெபமாலை சொல்லச் சொன்னார். சொல்லி முடித்தும் சோறு இறங்கவில்லை.

"என் தம்பி கல்யாணத்துக்கு வாங்கன்னுதான் கூப்பிட்டேன். கடலை நிறுத்திட்டு வாங்கன்னா சொன்னேன்?" என்றாள் சூசையம்மாள்.

"சாமியார்கிட்டதான் சொல்லிட்டேனே."

"சாமியாரா காட்டை வெட்டப் போறாரு? துரைகிட்ட போயி சொல்லுங்க."

புதன்கிழமை சொன்னார். தலையை நிமிர்த்தாமல், இருபத்தேழு வரியும் பொய், எழுதினபடியே கடல் நின்றுவிட்டது என்று முழுவதையும் சொன்னார். கடல் நின்றதைத் துரை பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பார்க்காமல் எழுதினாயா என்பதை மட்டும் மூன்று தடவை கேட்டார். பிறகு, குறை நோட்டில்தான், நீரோட்டத்தில் இல்லை என்று அறிக்கையைக் கிழித்துப்போட்டு, காட்டை வெட்டக் கூடாது என்று புதிதாக எழுதினார். மரியநாதனை நீக்கிவிட்டு ஆபீஸ் குமாஸ்தா சபாபதியிடம் நோட்டைக் கொடுத்தார். சபாபதி முத்து முத்தான கையெழுத்தில் நாலடி என்று எழுதினார். கடல் சட்டை செய்யவில்லை, மரியநாதன் கடைசியாக எழுதிய அளவிலேயே நின்றது. இரண்டு நாள் பார்த்துவிட்டு நோட்டைத் திரும்ப மரியநாதனிடமே கொடுத்தார்கள். வேலை போயிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

கூடை மட்டும் நிற்கவில்லை. பொறுக்க முடியாமல் ஒரு மாலை மரியநாதன் சேற்றில் இறங்கி மாக் ஈத்தாமின் படகுக்குப் போனார். பிள்ளை இப்போது பால் குடித்துக்கொண்டிருந்தது. தனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில், கடல் நின்றது தன்னால்தான் என்றார்.

"தெரியுமே கிராணி," என்றாள் அவள். "நீங்க ரயிலுக்குப் போனதை நாங்க பார்த்தோம்லா. கிராணி கல்யாணத்துக்குப் போயிருக்காங்க, வந்ததும் தண்ணி போயிடும், அதுவரைக்கும் பொறுத்துக்கணும்னு பிள்ளைங்ககிட்ட சொல்லிட்டேன்."

அவள் பிள்ளையைத் தோள் மாற்றிக்கொண்டு, உண்மையான அக்கறையோடு கேட்டாள்.

"கல்யாணத்துல வயிறு நிறையச் சாப்பிட்டீங்களா?"

பொய் சொல்ல வரவில்லை அவருக்கு.

"சாப்பிட்டேன்," என்றார்.

அவளுக்குச் சந்தோஷம். மணி ஆறாகப் போகிறது, தண்ணீர் காத்துக்கொண்டிருக்கும் என்று அவளே ஞாபகப்படுத்தி, அவர் வழுக்காமல் ஏறுவதற்குப் பாலத்துப் பலகையைப் பிடித்துக்கொண்டாள்.