இரண்டாயிரத்து எழுநூறு கெல்வின்

வீட்டுக்கு விளக்கு அமைத்துத் தரச் சொல்லி வருகிறவர்களுக்கு அவள் முதல் நாளே பாடம் எடுத்துவிடுவாள். பல்பு கொட்டுகிற ஒளி லுமென். அதில் உங்கள் மேஜைக்கு வந்து சேர்கிற அளவு லக்ஸ். வெளிச்சம் மஞ்சளா வெள்ளையா என்பதைக் கெல்வின் சொல்லும். எண் குறையக் குறைய மஞ்சள் கூடும்.

"வீட்டுக்கு ரெண்டாயிரத்து எழுநூறு போதும். அதுல எல்லார் முகமும் அழகாத்தான் தெரியும்" என்று முடிப்பாள்.

சொந்த வீட்டிலும் மூலைக்கு மூலை அதே மஞ்சள்தான். குளியலறைக் கண்ணாடியைக்கூட அவள் விட்டுவைக்கவில்லை. கணவனுக்குத் தியேட்டரில் படம் ஓட்டும் வேலை. காலையில் அவள் கிளம்பும்போது திரைச்சீலையை இழுத்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருப்பான். இருவரும் முகம் பார்த்துப் பேசுவதே சாப்பாட்டு மேஜையில், தொங்கும் விளக்குக்குக் கீழேதான்.

"ஊருக்கே வெளிச்சம் போடுறவளுக்கு இருட்டுல உட்கார்றவன் வாய்ச்சிருக்கான் பாரு" என்று அவனே கிண்டலடிப்பான்.

ஒரு ஞாயிறு காலை நாத்தனார் வந்தாள். துணி உலர்த்த அண்ணனை மொட்டை மாடிக்கு இழுத்துப் போனவள், போன வேகத்தில் இறங்கி வந்தாள்.

"அண்ணி, அண்ணன் கண்ணைப் பார்த்தீங்களா? மஞ்சளா இருக்கு. எத்தனை நாளா இப்படி?"

அவளுக்குத் தெரியவில்லை.

டாக்டர் ஸ்கேன் படத்தைப் பார்த்தார். கணையத்தில் கட்டி. "ரெண்டு மாசம் முன்னாடி வந்திருந்தா ஆபரேஷன் பண்ணிப் பார்த்திருக்கலாம். கண்ணு அப்பவே மஞ்சளாகியிருக்கணுமே! வீட்டுல யாரும் கவனிக்கலையா?"



வீட்டுக்கு வந்த கையோடு அவள் எல்லா பல்புகளையும் கழற்றினாள். நிறத்தை உள்ளபடி காட்டும் ஐயாயிரம் கெல்வின் பல்புகளை மாட்டினாள். தினமும் அவன் இமையை விலக்கிப் பார்ப்பாள். மஞ்சள் ஒரு பொட்டும் குறையவில்லை.

ஆறாம் நாள் அவன் கேட்டான். "லைட்டு மேடம், பழைய பல்பையே மாட்டிடு. என்னமோ ஆஸ்பத்திரியில படுத்திருக்கிற மாதிரியே இருக்கு."

"வேணாங்க. அதுதானே என் கண்ணைக் கட்டிப்போட்டுச்சு..."

"நானுந்தான் அதே கண்ணாடியில தினம் முகம் பார்த்தேன். எனக்கே தெரியலையே. அழாம ஏறு."

ஸ்டூலைப் போட்டு ஏறினாள்.

"பார்த்து. விழுந்துவெச்சா தூக்கிவிட எனக்குத் தெம்பில்ல."

சிரித்துவிட்டாள். சிரித்த வாயைப் புறங்கையால் அழுத்திக்கொண்டாள். சூடு ஆறாத வெள்ளை பல்பைக் கழற்றிப் பழையதைத் திருகினாள்.

அறை முழுக்க மஞ்சள் பரவியது. தலையணையில் இரண்டு மாதத்துக்கு முந்தைய அவன் முகம் இருந்தது. ஒரு குறையும் இல்லை.

"இப்ப எப்படி இருக்கேன்?"

"நல்லா இருக்கீங்க" என்றாள். ஸ்டூலை விட்டு இறங்க அவளுக்குக் கால் வரவில்லை.